நீலக் கயிறு

பதினோராவது இழுப்பில்
கயிறு என் கையோடு வந்துவிட்டது.
பிடி இருக்கிறது, ஒரு முழம் வால் இருக்கிறது.
மீதி, மூடிக்குள் ஓடிப் பதுங்கிக்கொண்டது.

நாளைக்குக் கல்லறைத் திருநாள்.
மூன்று நாள் மழையைக் குடித்துவிட்டுக்
கீழ்ப்பாக்கத்துப் புல் முழங்காலுக்கு மேல் நிற்கிறது.
பேர் தெரியவில்லை, தேதி தெரியவில்லை,
சிலுவைகளின் தோள்பட்டை மட்டும் தெரிகிறது.
தெற்கு மூலை, பதினான்கு வரிசை, இருட்டுவதற்குள்.
மிஷின் வாடகை ஐந்நூறு.
பெட்ரோலும் டூ-டி ஆயிலும் என் கணக்கு.
புரசைவாக்கத்துக் கடைக்குப் போன் போட்டேன்.
"இழுக்கத் தெரியாம இழுத்திருப்ப."
வைத்துவிட்டான்.

மூன்று திருகு. நாலாவது எப்போதோ யாரோ தொலைத்தது.
மூடியைக் கழற்றி ஒரு கல்லறை மேல் கவிழ்த்தேன்.
மன்னிக்கணும், 1961-இல் கர்த்தருக்குள் உறங்கிய
திருமதி டெய்சி அம்மாள்,
உங்கள் கல் ஒன்றுதான் மட்டமாக இருந்தது.

உள்ளே கப்பி. கப்பிக்கு அடியில் சுருள்வில்,
கைமுறுக்கு மாதிரிச் சுற்றிய பட்டை எஃகு.
தூக்காதே தூக்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டு
கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தேன்.
போன வருஷம் ஒருமுறை தூக்கினேன்.
அது பாய்ந்து வந்து போட்ட கோடு
இன்னும் கண்ணுக்குக் கீழே இருக்கிறது.

கயிறுக்கு எங்கே போவது?
ஞாயிற்றுக்கிழமை, ஹார்டுவேர் கடை ஷட்டர் இறங்கியிருக்கிறது.
குழி வெட்டும் சவரிராயன்
பெட்டி இறக்கும் கயிற்றைத் தோளில் போட்டு வந்தார்.
கட்டைவிரல் தடிமன்.
கப்பியின் ஓட்டை வாயே திறக்கவில்லை.
பூமாலை கட்டிய சணல்? இரண்டு இழுப்புக்குத் தாங்காது.

அவர் மனைவி டெல்பின்
ஒன்றும் பேசாமல் போய்த் துணிக்கொடியை அவிழ்த்து வந்தாள்.
நீல நைலான், கச்சிதமான தடிமன்.
"இன்னிக்குத்தான் மழ வுட்டிருக்கு.
துணியெல்லாம் எங்க போடுவேன்?"
கேட்டுக்கொண்டேதான் கொடுத்தாள்.
கொடுத்துவிட்டு, வெயில் பட்ட கற்களின் மேல்
ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டு போனாள்:
பையனின் காக்கி நிக்கர்,
ஒரு பாவாடை,
இரண்டு கையும் அகல விரித்த வெள்ளைச் சட்டை.

நறுக்கிய நுனி பிரிந்து பிரிந்து போனது.
வாசலில் கடை போட்டிருந்த பிலோமினாவிடம்
ஒரு மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லிக் காட்டினேன்.
நுனி உருகி, கறுத்து, ஊசியானது.
"ஏத்துனத இனி எவன் வாங்குவான்?"
பத்து ரூபாய் வாங்கிக்கொண்டாள்.

கப்பியை நாலு சுற்று முறுக்கி, அசையாமல் பிடித்து,
ஓட்டைக்கு ஓட்டை நேர் பார்த்துக் கோத்து,
உள்ளே ஒரு முடிச்சு, பிடியில் ஒரு முடிச்சு.
இழுத்துவிட்டேன்.
திரும்பிப் போகாமல்
மே மாதத்து நாய் நாக்கு மாதிரித் தொங்கியது.
பிரித்தேன். ஆறு சுற்று.
பாதி இழுப்பில் உள்ளே கிறீச் என்றது.
இதற்கு மேல் போனால் முறிந்துவிடுவேன்
என்பதுதான் அதற்கு அர்த்தம். யாருக்குத்தான் புரியாது.
மறுபடி பிரித்தேன்.
ஐந்து.
கயிறு தானாக ஓடிப் போய்
பிடி தன் இடத்தில் டக்கென்று உட்கார்ந்தது.

சோக் போட்டு மூன்று இழுப்பு. சோக் எடுத்து இரண்டு.
இருமியது.
இன்னும் ஒன்று.
புகையோடு பிடித்துக்கொண்டது.

பிறகு வேறொன்றும் இல்லை, புல்தான்.
செருப்பில், சட்டையில், பல்லில் புல்.
ஓரமாக ஓரமாகப் போகப் போக
"...வாக" வந்தது, "நினைவாக" வந்தது, அப்புறம் பேர் வந்தது.
இருட்டும்போது பதினொன்று முடிந்திருந்தது.
மீதி மூன்றுக்குச் சவரிராயனின் அரிவாள்,
என் போன் வெளிச்சம்.

கிளம்பும்போது டெல்பின் கை நீட்டினாள்.
கயிறு.
கழற்றினால் கடைக்காரன்
ஐந்நூறோடு அபராதமும் சேர்த்துக் கேட்பான்.
பையைத் துழாவினேன்.
புல் அறுக்கிற ஆரஞ்சு நரம்பு ஒரு சுருள் இருந்தது.
பத்து மீட்டர் வெட்டி,
வேப்பமரத்துக்கும் தண்ணீர்க் குழாய்க்கும்
நானே இழுத்துக் கட்டினேன்.

ஒரு விரலால் சுண்டிப் பார்த்தாள்.
"வழுக்குதே. கிளிப்பு நிக்காதே."
வெள்ளைச் சட்டையைப் போட்டாள்.
அது வழுக்கி நடுவுக்கு வந்தது.
பாவாடையும் வந்தது. நிக்கரும்.
ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து
நடுவில் நெருங்கி நின்றன.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"சரி, இருக்கட்டும்" என்றாள்.